ஏழுவரி ஆமைக்கு ஒரு மகஜர்

என் உத்தியோக காலத்தில் நான் எழுதிய காகிதங்களுக்கு யாரும் பெரிதாக மரியாதை கொடுத்ததில்லை. ஒரே ஒரு நோட்டீஸுக்கு மட்டும் ஒரு ஊரே கட்டுப்பட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது.

1982-ஆம் வருடம். காரைக்காலில் நான் மீன்துறை சப்-இன்ஸ்பெக்டர். பெயர் சிலுவைராஜ், வீடு தலத்தெரு. ஆபீஸ் என்பது இரண்டு அறை, ஒரு டைப்ரைட்டர், இரண்டு சைக்கிள், பியூன் தாவூது. படகு கிடையாது. கடலைக் காக்கிற உத்தியோகத்தில் இருப்பவனுக்குக் கடலில் போக ஒரு மரக்கட்டை கூட இல்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். வேலை இன்னும் நிரந்தரம் ஆகாததால் நான் இதை யாரிடமும் உரக்கச் சொல்வதில்லை.

அதற்கு ஐந்து வருடம் முன்புதான் கடலாமைகளை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். புலிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை ஆமைக்கும். காடே இல்லாத காரைக்காலில் அந்தப் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. பட்டியலை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் செத்து ஒதுங்கிய சிற்றாமைகளைத் தவிர, அதில் உள்ள ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காததைக் காப்பதில் எனக்கு எந்தச் சங்கடமும் இருக்கவில்லை.

முந்தின வருடம் ஒரு வியாபாரி ஆமைக்கறியோடு பிடிபட்டான். காரைக்கால்மேட்டு வலையில் வந்தது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான். நான் அந்த ஊருக்குப் போய் விசாரித்தேன். "எங்க வலைல வந்தா அப்பவே விட்டுடுவோம்" என்றார்கள். நான் நம்பவில்லை. மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. ஆமைகளை விட்டதற்கு என்ன ஆதாரம், நேரில் பார்த்து சாட்சிக் கையெழுத்தோடு எழுதிய மகஜர் எங்கே, இனி ஒரு முறை மகஜர் இல்லாமல் ஆமை விவகாரம் வந்தால் உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அன்று சாயங்காலமே டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தேன். வலையில் ஆமை சிக்கினால் அதிகாரி நேரில் வந்து பார்த்து, அளந்து, மகஜர் எழுதும்வரை அதைக் கடலில் விடக்கூடாது. மீறினால் கடும் நடவடிக்கை. அரசு ஆணையை இன்னும் 'அரெத்தே' என்றே சொல்லும் என் அப்பா ஆந்துவான், பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர், அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "அரெத்தேன்னா இப்படித்தான் இருக்கணும். ஓட்டையே இல்ல" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

காரைக்கால்மேட்டில் அரசாங்கம் சொன்னால் பாதிக் காதில்தான் விழும். பஞ்சாயத்தார் சொன்னால்தான் சட்டம். அவர்கள் ஒன்றைக் கூடாது என்று தமுக்கடித்துச் சொல்லிவிட்டால் அதற்கு ஊர்க்கட்டு என்று பெயர். கட்டை மீறியவன் தோணி கடலில் இறங்காது, அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகமாட்டார்கள். எனக்கு இது தெரியும். அதனால் நோட்டீஸை நேரே தலைவர் முத்தையனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் இரண்டு தடவை படித்தார்.

"யோசிச்சுத்தான் எழுதுனீங்களா?" என்றார்.

"யோசிக்காம எழுதுவாங்களா?"

"சரிங்க. ஊர்ல சாட்டிடுறோம்."

அன்றே தமுக்கடித்தார்கள். ஏலக்கூடத் தூணில் நோட்டீஸை ஒட்டினேன். பிறகு மறந்தும் போனேன்.

அடுத்த பிப்ரவரியில் ஒரு நாள் சுரக்குடியில் இருந்தேன். எங்கள் துறைக்குக் கடல் மட்டுமல்ல, குளமும் உண்டு. முழங்கால் தண்ணீரில் நின்று மீன்குஞ்சு விட்டுக்கொண்டிருந்தபோது தாவூது சைக்கிளில் வந்து சேர்ந்தார். வயதான மனிதர், சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"சார், காரைக்கால்மேட்டுல கரைவலைல ஆமை வந்திருக்கு. ஆள் வந்து சொல்லிட்டுப் போனான். பெருசாம் சார். ரொம்பப் பெருசாம்."

"எப்ப வந்துச்சாம்?"

"காலைல ஏழு மணிக்கு வலை இழுத்திருக்காங்க."

மணி பதினொன்றரை. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "விட்டுட்டாங்களா?" என்று அதட்டலாகக் கேட்டேன். விட்டிருந்தால் மகஜர் போச்சே என்ற கவலை.

தாவூது என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க வராம எப்படி சார் விடுவாங்க?"

அந்த வார்த்தை மனதில் ஏற, திருநள்ளாறு தாண்டும்வரை ஆயிற்று. நாலரை மணி நேரம். வெயிலில். நான் சைக்கிளை மிதித்த மிதியில் தாவூது பின்தங்கிவிட்டார்.

ஏலக்கூடத்தில் ஆளில்லை. மீன் கூடைகள் விற்காமல் கிடந்தன, காக்கைகள் இஷ்டத்துக்குத் தின்றன. ஊர் முழுக்கக் கடற்கரையில் நின்றது. முந்நூறு பேர் இருக்கும், பேச்சே இல்லை. அலையிலிருந்து மேட்டு மணல் வரை பெண்கள் வரிசையாக நின்று குடம் குடமாகக் கடல் தண்ணீரைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து அப்படித்தான் நிற்கிறார்களாம். கடைசிக் குடம் கவிழ்ந்த இடத்தில், நனைந்த சாக்குகளுக்கும் கீற்றுகளுக்கும் அடியில், ஏதோ ஒன்று கிடந்தது. கரையேற்றிக் கவிழ்த்த தோணி என்று நினைத்து அதைத் தாண்டி ஆமையைத் தேடினேன்.

அந்தத் தோணி மூச்சு விட்டது.

அதை எப்படிச் சொல்வது? நீண்ட மூச்சு. சாக்குகள் மெல்ல எழும்பித் தாழ்ந்தன. என் கால் தானாக இரண்டடி பின்னால் போனது. அப்புறம்தான் சாக்கு மூடாத இடத்தில் அதன் துடுப்பு தெரிந்தது. ஒரு கை. என் கையைவிட நீளமான கறுத்த கை, அதன் மேல் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள். நகமில்லை. அதை மல்லாத்திப் போட்டிருந்தார்கள். தலை ஒரு கருங்கல் உருண்டை அளவு இருந்தது. கண்ணிலிருந்து கொழகொழவென்று நீர் வடிந்துகொண்டிருந்தது. ஆமைக்குக் கண்ணீர் உப்பை வெளியேற்றத்தான் என்று நான் படித்திருக்கிறேன். படித்ததெல்லாம் அங்கே நிற்கவில்லை.

"வந்துட்டாருய்யா" என்றது ஒரு குரல். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாங்க. எங்க ஊருக்கு ரெண்டும் ஒரே நாள்ல வந்துடுச்சு."

அன்னபூரணி. வலைக்குச் சொந்தக்காரி. புருஷன் போனபின் அந்தக் கரைவலையை வைத்து இருபது பேருக்கு வேலை கொடுக்கிற பெண்பிள்ளை. கையில் குடம் இருந்தது. அவள் பின்னால் வலை கிடந்தது. மீன் தங்குகிற மடிப் பகுதி, வலையின் உயிரே அதுதான், கத்தியால் நீளவாட்டில் கிழிந்து கிடந்தது.

"ஆமை கிழிச்சுதா?" என்றேன்.

"நான்தான் அறுத்தேன். கழுத்துல சுத்திகிட்டு முழி பிதுங்குது, பாத்துகிட்டு இருக்கச் சொல்றீங்களா? வலை போனா முடிஞ்சுக்கலாம். நேரா போட்டப்ப பத்து ஆம்பளைய இழுத்துகிட்டு கடலுக்குப் போவுதுங்க அது. உங்க கட்டு இருக்கே. அதான் புரட்டிப் போட்டோம். காலைல நிமிஷத்துக்கு ஒரு தடவை மூச்சு விட்டுச்சு. இப்ப எண்ணிப் பாருங்க."

தாவூது வந்து சேர்ந்து, பழக்கத்தில் பையைத் திறந்து மகஜர் பாரத்தையும் டெய்லர் டேப்பையும் எடுத்துக் கொடுத்தார். நானும் பழக்கத்தில் வாங்கினேன். ஒரு நுனியை அதன் கழுத்தில் வைத்தேன். டேப் ஒன்றரை மீட்டர். டேப் முடிந்தது, ஆமை முடியவில்லை. என் விரல் அதன் தோலில் பட்டது. ஓடு இல்லை, தோல்தான். நனைந்த தோல், குளிர்ச்சியாக, அந்த வெயிலிலும். உள்ளே எங்கோ வெகு ஆழத்தில் ஏதோ ஒன்று மெதுவாக அடித்தது. நிற்கிறதோ என்று நினைத்தபோது மறுபடி அடித்தது.

பாரத்தில் 'இனம்' என்று ஒரு கட்டம். முதுகைப் பார்த்தால்தான் இனம் சொல்ல முடியும். புரட்டினால் அது போய்விடும். கட்டங்களை நிரப்பி, அளந்து, சாட்சிக் கையெழுத்து வாங்க எப்படியும் ஒரு மணி நேரம்.

நான் எண்ண ஆரம்பித்தேன். நூறு. நூற்றிருபது. மூச்சு இல்லை. இருநூறு தாண்டியபோது தாவூது என் தோளைத் தொட்டார். அத்தனை வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"சார். எழுதுறத எப்ப வேணா எழுதிக்கலாம்."

அப்போதுதான் அது மூச்சு விட்டது. நான் பாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். மெமோ ஞாபகம் வந்தது. ஒழுங்கு நடவடிக்கை, நிரந்தரம் ஆகாத வேலை, வீட்டில் அப்பா முகம் எல்லாம் வந்தது. வந்தால் வரட்டும் என்று இருந்தது.

"மகஜர் வேண்டாம். புரட்டுங்க" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. முத்தையனைப் பார்த்தேன். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டார்.

"முடியாதுங்க. கட்டு நிக்குது. எழுதாம விட்டா ஊரே கட்டு மீறுனதா ஆகிடும்."

"நான்தானே சொல்றேன், விடுங்கன்னு!"

"இப்ப எங்ககிட்ட சொல்றீங்க. அன்னிக்கு ஊருக்குச் சொன்னீங்க. போடச் சொன்னவங்களே ஊர் முன்னாடி நின்னு எடுக்கணும். செருப்பைக் கழட்டிட்டு, தப்பு என்னுது, கட்டை எடுத்துக்குறேன்னு சொல்லணும். எங்க ஆளா இருந்தாலும் அப்படித்தான். பஞ்சாயத்துத் தலைவனே ஆனாலும் அப்படித்தான்."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. அரசாங்க அதிகாரி நான். முந்நூறு பேர் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதா? நேற்று இதைச் சொல்லியிருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பேன். ஆனால் என் மனசு அங்கே எண்ணிக்கொண்டே இருந்தது. எண்பது. தொண்ணூறு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது நானாக இருந்தால் பரவாயில்லை. என் வாயால் சாகக் கிடந்தது அது.

செருப்பைக் கழற்றினேன். மணல் கொதித்தது. ஊரைப் பார்த்து நின்று சொன்னேன்.

"காதுல விழலீங்க" என்றாள் அன்னபூரணி.

"தப்பு என்னுது!" என்று கத்தினேன். "நான் போடச் சொன்ன கட்டை நானே எடுத்துக்குறேன்!"

முத்தையன் தலையசைத்தார். அவ்வளவுதான். அந்த முந்நூறு பேர் ஒரே உடம்பாக அசைந்ததை நான் எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன். தோணி தூக்குகிற கழிகள் எங்கிருந்தோ வந்தன. நாற்பது ஆண்கள் தோள் கொடுத்தார்கள். நானும் ஒரு பக்கம் கை வைத்தேன், யாரும் தடுக்கவில்லை. ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் மூச்சைப் பிடிக்க, அது எழுந்து, ஒரு கணம் பக்கவாட்டில் நின்று, தொப்பென்று தன் வயிற்றில் விழுந்தது. சாக்குகள் சரிந்தன. முதுகு தெரிந்தது.

கழுத்திலிருந்து வால் வரை நீளநீளமாக ஏழு வரிகள். யாரோ கயிறு பிடித்துக் கோடு போட்டு இழைத்ததுபோல் நேராக. பட்டியலில் அது ஒரே ஒரு வரி, ஐந்தாவதோ ஆறாவதோ. நான் ஒப்பித்துக்கொண்டிருந்த அந்த ஒரு வரிக்குள் இது இருந்திருக்கிறது. இத்தனை பெரிது, இத்தனை பழையது, நம் கரைக்கு வந்து போய்க்கொண்டு, நம்மைப் பற்றி எந்த நினைப்பும் இல்லாமல். மாதா கோவிலில் கூட நான் அப்படி நின்றதில்லை. அன்னபூரணி ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினாள். பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். பக்கத்தில் தாவூது உதட்டுக்குள் ஏதோ ஓதினார்.

அது நகரவில்லை.

தண்ணீர் இருபது அடி தள்ளி இருந்தது. ஆண்கள் கையாலேயே மணலைத் தோண்டி வாய்க்கால் வெட்டினார்கள். அலை வந்து அதன் கையை நனைத்துவிட்டுப் போனது. அசைவில்லை. இன்னொரு அலை. கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று நாளைக்கு ஊர் சொல்லும், சொல்லட்டும், அதுகூட எனக்குக் குறைச்சலான தண்டனைதான்.

"ஹயாத்து இருந்தா போவும் சார்" என்றார் தாவூது, ஆயுசைச் சொல்லி.

மூன்றாவது அலை பெரியது. அது வந்து முழுக்க மூடியது. வடிந்தபோது ஆமையின் தலை தூக்கியிருந்தது. இரண்டு கைகளையும் ஒருசேர முன்னால் வீசி, மணலை அள்ளித் தள்ளி, தன்னை ஒரு முழம் நகர்த்திக்கொண்டது. இன்னொரு வீச்சு. நாற்பது பேர் பல்லைக் கடித்துத் தூக்கிய அந்தக் கனம், அடுத்த அலையில், ஒன்றுமே இல்லாததுபோல் மிதந்தது. ஒரு திருப்பு. ஏழு வரியும் தண்ணீருக்குள் வழுக்கிப் போனதைப் பார்த்தேன். வெகுதூரத்தில் ஒரு தடவை தலை தெரிந்தது, மூச்சு விட. அப்புறம் வெறும் கடல்.

நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இல்லை. பக்கத்தில் பாதி ஊர் அழுதுகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து முத்தையன் வந்து என் சட்டைப் பையைக் காட்டினார். "அந்தக் காயிதத்த எடுங்க."

"ஆமையே போயிடுச்சு. எதை அளந்து எழுதுறது?"

"அளவு எதுக்குங்க? பாத்தவங்க நாங்க இருக்கோம்ல."

பாரத்தில் சாட்சிக்கு இரண்டு வரிதான் இடம். முதலில் முத்தையன் கையெழுத்துப் போட்டார். பிறகு கழி பிடித்தவர்கள், குடம் தூக்கியவர்கள், வாய்க்கால் வெட்டியவர்கள். தாவூது மைப்பெட்டியைத் திறந்து பிடித்துக்கொண்டார். கையெழுத்தும் ரேகையுமாக வரி தாண்டி, ஓரம் தாண்டி, பின்பக்கம் போனது. நான் சந்தேகப்பட்ட ஊர். என் வேலைக்காக வரிசையில் நின்றது.

"போன வருஷமே ஏன் சொல்லல, இப்படி ஆகும்னு?" என்று முத்தையனைக் கேட்டேன்.

"அப்பவே விட்டுடுவோம்னு சொன்னோமே. நீங்க நம்பல. நம்பாதவங்ககிட்ட ஊர் ரெண்டு தடவை சொல்லாதுங்க."

கடைசியாக அன்னபூரணி. கட்டை விரலை மையில் வைத்தவள் காகிதத்துக்கு மேல் நிறுத்திக்கொண்டாள்.

"அடுத்த தடவை வந்தா?"

"விட்டுடுங்க."

"உங்கள எதிர்பாக்க வேண்டியதில்லையே?"

"எதிர்பாக்க வேண்டாம். ஆள் அனுப்பவும் வேண்டாம். அந்த நேரத்துல தண்ணிய ஊத்தி அனுப்பிச்சிடுங்க."

"இது கட்டுங்களா, பேச்சுங்களா?"

"கட்டுதான்."

விரலை அழுத்தினாள். ரேகையோடு நாலு மணல் பருக்கையும் ஒட்டிக்கொண்டது. நான் தட்டிவிடவில்லை. அப்படியே மேலிடத்துக்கு அனுப்பினேன். முப்பது நாளுக்குப் பிறகு 'கோப்பில் சேர்க்கப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. வேலை தப்பியது.

ஒரு வாரம் கரை முழுக்கச் சைக்கிளில் தேடினேன். எங்கேயும் செத்து ஒதுங்கவில்லை. அன்னபூரணி மடியை முடிந்துகொண்டே, "போயிடுச்சுங்க அது, அலையாதீங்க" என்றாள்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு பித்துப் பிடித்தது. இன்னொரு தடவை பார்க்கவேண்டும். ஒரே ஒரு தடவை, நேராக, உயிர்க் களையோடு, அவசரம் இல்லாமல். வேலை இல்லாத நாளிலும் காரைக்கால்மேட்டில் போய் நிற்பேன். வலை இழுக்கும்போது மடியையே பார்த்துக்கொண்டிருப்பேன். நெத்திலியும் காரப்பொடி மீனும்தான் வரும்.

மூன்றாவது வருடம் தை மாதத்தில் தாவூது டீ வாங்கி வந்தவர் கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு நின்றார்.

"சார், நேத்து அங்க வந்துச்சாம். ஏழுவரி. முன்னத விடப் பெருசாம்."

எழுந்துவிட்டேன். "எங்க?"

"விட்டுட்டாங்க சார். அஞ்சு நிமிஷத்துல."

"ஒரு ஆள் அனுப்பியிருக்கலாம்ல? பத்து நிமிஷத்துல வந்திருப்பேனே!"

தாவூது கிளாஸை என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

அந்தக் கரையில் இன்னும் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் ஐந்து தடவை ஏழுவரி வந்ததாகச் சொன்னார்கள். ஐந்தும் உயிரோடு போயின. ஒன்றையும் நான் பார்க்கவில்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடக்கூடாது என்று கட்டுப் போட்டவன் நான்தான்.